தரையில் படுத்துக் கிடக்காத தட்டை மீன்: கிரீன்லாந்து ஹாலிபட் எதை, எங்கே, எப்படித் தின்கிறது?

கிரீன்லாந்து இப்போதெல்லாம் அடிக்கடி செய்தியில் அடிபடுகிறது. பனி உருகுவதையும் கனிமங்களையும் வல்லரசு அரசியலையும் பேசுகிறார்கள். அந்தத் தீவு எதை விற்றுப் பிழைக்கிறது என்பது மட்டும் ஓரமாக ஒரு வரியில் போய்விடும். அதன் சரக்கு ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலில் பிடிப்பதுதான். அதிலும் இரண்டு பெயர்கள்தான் முக்கியம். ஒன்று வடகடல் இறால். மற்றொன்று கிரீன்லாந்து ஹாலிபட் என்கிற ஆழ்கடல் தட்டை மீன்.

கனடா, நார்வே, ரஷ்யா, ஐஸ்லாந்து, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாம் இதே மீனைப் பிடிக்கின்றன. யார் எவ்வளவு பிடிக்கலாம் என்ற சச்சரவு ஓய்வதில்லை. அந்தச் செய்திகளைப் படிக்கும்போது சில வரிகள் இடறும். அடிமடி என்ற, கடல் தரையோடு இழுக்கும் வலையை வைத்துக் கணக்கெடுத்தால் அந்த எண்ணிக்கையை முழுதாக நம்ப முடியாது என்கிறார்கள். இறால் பிடிப்பு இந்த மீனைப் பாதிக்கும் என்கிறார்கள். கேப்லின் என்ற சின்ன மீன் குறைந்தால் இதற்கும் கஷ்டம் என்கிறார்கள். கடல் தரையில் படுத்துக் கிடக்கிற மீனுக்கும் இதற்கெல்லாம் என்ன சம்பந்தம்?

இந்த மீன் தரையில் படுத்துக் கிடப்பதில்லை என்பதுதான் சம்பந்தம். அதன் சாப்பாட்டைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் தானாகப் புரியும்.

முதலில் பெயர்க் குழப்பம்

ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பெயர். அறிவியல் பெயர் ரைன்ஹார்டியஸ் ஹிப்போகுளோசாய்டிஸ். கிரீன்லாந்தில் கலெராலிக், நார்வேயில் ப்ளோக்வைட்டே, ஜெர்மனியில் கறுப்பு ஹாலிபட், ஜப்பானில் கராசுகாரே. கனடாவில் டர்பட் என்பார்கள். உண்மையான டர்பட் ஐரோப்பியக் கரையோரத்தில் வாழும் வேறொரு குடும்பத்து மீன். அதற்குக் கண்கள் இடப்பக்கம், இதற்கு வலப்பக்கம். 1995 மார்ச் 9 அன்று கனடா தன் கடல் எல்லைக்கு வெளியே எஸ்தாய் என்ற ஸ்பெயின் இழுவைப் படகைத் துரத்திப் பிடித்தது. 'டர்பட் போர்' என்று பெயர் பெற்ற அந்தச் சண்டைக்குக் காரணமும் இந்த மீன்தான். அது டர்பட்டும் அல்ல, நல்லவேளையாகப் போரும் அல்ல.

அட்லாண்டிக் ஹாலிபட் என்று இன்னொன்று இருக்கிறது. அது இதைவிட மிகப் பெரிதாக வளரும் வேறு இனம். இந்தக் கட்டுரையில் ஹாலிபட் என்று வருவதெல்லாம் கிரீன்லாந்து ஹாலிபட்டையே குறிக்கும்.

தட்டை மீன் என்றால் என்ன?

முட்டையிலிருந்து வரும்போது தட்டை மீன் குஞ்சும் மற்ற மீன் குஞ்சைப் போலத்தான் இருக்கும்: பக்கத்துக்கு ஒரு கண், நிமிர்ந்த நீச்சல். வளர வளர ஒரு கண் மண்டையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கத்துக்கு நகர்கிறது. கண்ணிழந்த பக்கத்தைக் 'குருட்டுப் பக்கம்' என்று சொல்கிறார்கள். வழக்கமான தட்டை மீன் குருட்டுப் பக்கம் தரையைத் தொடும்படி படுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் வெளுத்திருக்கும், மேல்பக்கம் மணல் நிறத்தில் இருக்கும். நம் சந்தையில் கிடைக்கிற மாந்தல், நாக்கு மீன் எல்லாம் இந்த வகை.

படுத்துக் கிடக்கிற வாழ்க்கைக்குக் காற்றுப்பை தேவையில்லை. கூறல் மீனில் 'நெட்டி' என்று தனியாக எடுத்து விற்கிறார்களே, அந்த உறுப்பு. அது இருந்தால் மீன் மிதக்கும். வளர்ந்த தட்டை மீன்களுக்கு அது கிடையாது. இந்த விஷயம் பின்னால் மறுபடி வரும்.

வாயைப் பார்த்தால் சாப்பாடு தெரியும்

தட்டை மீன் எல்லாம் ஒரே மாதிரி தின்னும் என்று நினைத்துவிடக் கூடாது. நெதர்லாந்தைச் சேர்ந்த டி குரூட் என்ற ஆய்வாளர் 1971இல் தட்டை மீன்களின் வாய் முதல் குடல் வரையான உணவுப்பாதை அமைப்பையும் அவை தின்பதையும் ஒப்பிட்டு விரிவாக எழுதினார். அந்த வகைப்பாடு இன்றும் உதவுகிறது. சுருக்கமாக மூன்று கூட்டம்:

1. மீன் தின்னிகள். பெரிய வாய், கூரிய பற்கள், பெரிய இரைப்பை, குட்டையான குடல். கண்ணால் பார்த்து வேட்டையாடுபவை.

2. இறால், கூனி போன்ற ஓடுடைய சிற்றுயிர்களைத் தின்பவை. நடுத்தரமான அமைப்பு.

3. புழுவும் சிப்பியும் தின்பவை. சின்ன வாய், சின்ன இரைப்பை, மடிந்து மடிந்து போகும் நீண்ட குடல். பல இனங்கள் மோப்பத்தையும் தொடுவுணர்வையும் நம்பி, இரவில்கூட மேயும்.

மூன்றாம் கூட்டத்துக்கு நல்ல ஆழ்கடல் உதாரணம், வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் வாழும் பசிபிக் டோவர் சோல். அதுவும் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய ஆழம் வரை போகும் மீன்தான். ஆனால் அதன் வாய் சிறியது, கோணலானது. பற்கள் பெரும்பாலும் குருட்டுப் பக்கத்துத் தாடையில், அதாவது தரையைப் பார்த்த பக்கத்தில் இருக்கும். சேற்றுக்குள் இருக்கும் பாலிகீட் புழுக்களையும், நட்சத்திர மீன் போன்ற நொறுங்கு நட்சத்திரங்களையும் கொத்தி எடுக்க அதுதான் வசதி. சாப்பாடு கீழே இருக்கிறது, பல்லும் கீழே இருக்கிறது.

இப்போது ஹாலிபட்டின் வாயைத் திறந்து பாருங்கள். தாடை கண்ணுக்குக் கீழே வரை பிளக்கும். பற்கள் நாய்ப்பல் போல் கூர்மையானவை. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கவ்வுகிற வாய் இது. சேறு கிளறும் மீனுக்கு இப்படி ஒரு வாய் தேவையே இல்லை.

உடம்பே சொல்லும் சாட்சி

வாய் மட்டும் இல்லை. தலை முதல் வால் வரை இந்த மீன் தன் குலத்தொழிலை விட்டுவிட்டது போலத் தெரிகிறது.

1. கண். மற்ற தட்டை மீன்களில் நகர்கிற கண் முழுதாக மறுபக்கம் போய்ச் சேரும். ஹாலிபட்டில் இடக்கண் பாதி வழியிலேயே, நெற்றியின் விளிம்பில் நின்றுவிடுகிறது. பயணம் முடியாத கண் என்று இதைக் குறையாகச் சொல்வதுண்டு. வேட்டையாடும் மீனுக்கு அது குறையே இல்லை. விளிம்பில் இருக்கும் கண்ணால் குருட்டுப் பக்கத்தையும் ஓரளவு பார்க்கலாம்.

2. நிறம். குருட்டுப் பக்கம் வெளுத்திருப்பதில்லை. மேல்பக்கத்தைவிடச் சற்று மங்கலான சாம்பல் கறுப்பு, அவ்வளவுதான். தரையோடு ஒட்டியே கிடக்கும் பக்கத்துக்கு நிறம் எதற்கு? நடுநீரில் எல்லாப் பக்கமும் தெரியும்படி நீந்துகிற மீனுக்குத்தான் அது பயன்படும்.

3. வால். தரையில் கிடக்கும் தட்டை மீன்களுக்கு வால் பெரும்பாலும் விசிறி போல் உருண்டிருக்கும். இதற்கு உட்குழிந்த பிறைவால். நெடுந்தூரம் நீந்துகிற மீன்களிடம் காண்பது.

4. கொழுப்பு. காற்றுப்பை இல்லாத மீன் நடுநீரில் நிற்க வேண்டுமானால் ஓயாமல் நீந்த வேண்டும், அல்லது உடம்பின் எடையை வேறு வழியில் குறைக்க வேண்டும். ஹாலிபட்டின் தசையில் எண்ணெய் ஏராளம், பத்து விழுக்காட்டை ஒட்டியும் அதற்கு மேலும் வரும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஆகவே மூழ்கும் வேகம் குறைகிறது. ஜப்பானில் மலிவு விலை சுஷிக் கடைகளில் 'எங்காவா' என்று தருகிற தட்டை மீன் துடுப்புத் தசை பெரும்பாலும் இந்த மீனுடையதுதான். வாயில் வைத்ததும் கரையும் அந்த நெய்ப்பதம் இந்த எண்ணெயால் வருவது.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. தமிழகக் கரையில் கிடைக்கும் எருமை நாக்கு மீனிலும் ஒரு கண் தலை விளிம்பிலேயே நிற்கிறது. அதற்கும் பெரிய வாய், கூரிய பல், மீன் தின்னும் பழக்கம் எல்லாம் உண்டு. சில நேரம் நிமிர்ந்தும் நீந்தும். 1801இல் அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர்கள் தரங்கம்பாடியிலிருந்து போன மாதிரியை வைத்து, ஊர்ப் பெயரையே ஒட்டி 'எருமெய்' என்று பெயரிட்டார்கள். தரங்கம்பாடி அப்போது டென்மார்க் வசம் இருந்தது, கிரீன்லாந்தும்தான். ஆனால் இரண்டு மீன்களையும் நெருங்கிய சொந்தம் என்று நினைக்க வேண்டாம். எருமை நாக்கு தட்டை மீன் மரத்தின் அடிக்கிளை. அதன் கண் ஆதிகாலத்து அமைப்பு. ஹாலிபட் மேல்கிளைகளில் ஒன்று. அதன் மூதாதையர்களின் கண் முழுதாக நகர்ந்திருக்க வேண்டும், பிறகு பழையபடி விளிம்புக்குத் திரும்பியிருக்க வேண்டும். வேட்டைத் தொழில் ஒன்றாக இருந்தால், தொலைதூரத்து மீன்கள்கூட ஒரே சாயலுக்கு வந்துவிடும்.

இதெல்லாம் உடம்பை வைத்துச் செய்கிற ஊகம்தானே என்று கேட்கலாம். நேரடிச் சான்றும் இருக்கிறது. நார்வே கடலில் தூண்டில் வரிசைகளைத் தரையில் போடாமல் நடுநீரில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். வளர்ந்த ஹாலிபட்கள் அதில் விழுந்தன. ஆழத்தைப் பதிவு செய்யும் கருவிகளை மீனின் உடம்பில் பொருத்தி விட்டபோதும், அவை தரையை விட்டு எழும்பி வெகுநேரம் மேலே திரிவது பதிவானது.

வயதுக்கு ஏற்ற சாப்பாடு

ஹாலிபட் ஆழத்தில் முட்டையிடுகிறது. முட்டை ஒவ்வொன்றும் நாலு மில்லிமீட்டர் குறுக்களவு, மீன் முட்டைக்கு இது பெரிது. குஞ்சுகள் மாதக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து போகின்றன. கிரீன்லாந்துக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள டேவிஸ் நீரிணையில் பிறந்தவை மேற்குக் கிரீன்லாந்தின் கடலடி மேடுகளுக்கு வந்து சேரும். அங்கிருந்து சாப்பாட்டின் கதை இப்படிப் போகிறது:

1. மிதக்கும் குஞ்சுப் பருவம். கோபிபாட் என்கிற மிதவைப் பூச்சிகளின் முட்டை, இளம் உயிரி, பிறகு முழு வளர்ச்சி பெற்ற கோபிபாட். வடகடலில் இதில் முக்கியமானது காலனஸ் என்ற இனம். அரிசி மணியைவிடச் சிறியது. உடம்பில் பாதிக்கு எண்ணெய் சேர்த்துக்கொள்ளும்.

2. சின்ன மீன் பருவம், ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வரை. ஆழ்கூனி, ஆம்பிபாட் போன்ற ஓடுடைய சிற்றுயிர்கள், சின்ன இறால், கணவாய்க் குஞ்சு. இந்த வயதில் அவை 200 முதல் 400 மீட்டர் ஆழத்தில், இறால் அதிகமுள்ள இடங்களிலேயே வாழ்கின்றன. இதை நினைவில் வையுங்கள்.

3. நடுப்பருவம், 20 முதல் 60, 70 சென்டிமீட்டர் வரை. கூட்டமாகத் திரியும் சின்ன மீன்கள். நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கடலில் 1980களில் சேகரித்த இரைப்பைகளில் கேப்லின்தான் நிறைந்திருந்தது. கேப்லின் என்பது நம் மத்தி அளவில் இருக்கும் ஒல்லியான மீன். நடுநீரில் பெருங்கூட்டமாகப் போகும். தரையில் படுத்துக் கிடக்கிற மீனுக்கு அது எட்டாது.

4. பெரிய மீன் பருவம். ரெட்ஃபிஷ், காட், கிரெனடியர், பெரிய கணவாய், அப்புறம் தன் இனத்துச் சின்ன மீன்களே. 70 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது பெரும்பாலும் பெண் மீன்கள்தான். ஆண் மீன்கள் அந்த அளவை அரிதாகவே தாண்டும். அப்படிப் பார்த்தால், குட்டி ஹாலிபட்டை விழுங்குகிற பெரிய ஹாலிபட் அநேகமாக ஒரு பெண்ணாகத்தான் இருக்கும்.

இந்த வரிசையில் ஒன்று முதல் நான்கு வரை தரையோடு ஒட்டிய இரை மிகக் கொஞ்சம். புழு, சிப்பி, நட்சத்திர மீன் கணக்கிலேயே வராத அளவுக்குக் குறைவு.

இடத்துக்கு ஏற்ற சாப்பாடு

கிடைப்பதைத் தின்னும் மீன் இது. நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் கேப்லின், துருவக் காட், ஹெர்ரிங், நீல ஒயிட்டிங், இறால், கோனாட்டஸ் கணவாய். அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் கேப்லின் இடத்தைப் பொல்லாக் மீன் பிடித்துக்கொள்கிறது, கூடவே கணவாய். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் கேப்லினும் இறாலும். பட்டியலில் பெயர்கள் மாறுகின்றன. நீரில் நீந்தித் திரிகிற, கொழுப்புள்ள, ஒரு வாய்க்கு அடங்கிய இரை என்பது மாறுவதில்லை.

பேரன்ட்ஸ் கடல் ஆய்வுகளில் இன்னொன்றும் திரும்பத் திரும்ப வருகிறது: மீன் தலை, குடல், செதுக்கிய எலும்பு. மீன்பிடிக் கப்பல்கள் சுத்தம் செய்து கடலில் கொட்டும் கழிவு கீழே இறங்கும்போது ஹாலிபட் அதையும் விடுவதில்லை. தன்னால் விழுங்கவே முடியாத பெரிய காட் மீனின் தலை அதன் இரைப்பையில் கிடைப்பது இப்படித்தான். இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால், ஹாலிபட் பெரிய காட் மீன்களை வேட்டையாடுகிறது என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

காலி இரைப்பைப் புதிர்

ஹாலிபட்டின் சாப்பாட்டை ஆராய்பவர்களுக்குப் பெரிய தலைவலி, இரைப்பையைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லாததுதான். பிடித்த மீன்களில் பாதி, பல தடவை பாதிக்கும் மேல், காலி இரைப்பையோடு வருகின்றன. ஆளுக்கு ஆள் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்குச் சரியாகப் படுவது, ஒரே காரணம் இல்லை, மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது.

முதல் காரணம் இரையின் அளவு. ஒரு கணவாயையோ நாலு கேப்லினையோ முழுதாக விழுங்கிய மீன் அடுத்த வேளைக்கு அவசரப்பட வேண்டியதில்லை. 0 முதல் 4 டிகிரி வரையான குளிர் நீரில் உடம்புச் செலவு குறைவு. புழு தின்னி நாள் முழுக்க மேய வேண்டும். மீன் தின்னி எப்போதாவது தின்றால் போதும். எந்த நேரத்தில் பிடித்தாலும் பலவற்றின் வயிறு காலியாக இருப்பது இந்த வாழ்க்கை முறையோடு பொருந்துகிறது.

இரண்டாவது, பிடிக்கும் கருவி. நீளக் கயிற்றில் நிறையக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில் கணவாய்த் துண்டைக் கோத்துப் போட்டால் அதைக் கவ்வ வருவது பசித்த மீன். வயிறு நிறைந்தது தூரத்தில் நின்றுவிடும். ஆகவே தூண்டிலில் பிடித்த மீனை மட்டும் திறந்து பார்த்தால் கடல் முழுக்கப் பட்டினி என்று தோன்றும்.

மூன்றாவது, மேலே இழுக்கும்போது நடப்பது. எண்ணூறு மீட்டரிலிருந்து மடியில் நசுங்கிக்கொண்டு வரும் மீன் தின்றதைக் கக்கிவிடும். இதற்கு நேர்மாறான குளறுபடியும் உண்டு. மடிக்குள் மாட்டிய நேரத்தில், பக்கத்தில் நெரிபடும் இறாலை விழுங்கிவிடும். இரைப்பையில் புத்தம் புதிதாக, நிறம்கூட மாறாமல் இருக்கும் இறாலை அனுபவமுள்ள ஆய்வாளர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

சரி, எதையோ தின்றிருக்கிறது, ஆனால் பாதி செரித்துவிட்டது என்றால் என்ன செய்வது? இரைப்பையை வெட்டித் தட்டில் கவிழ்த்தால் பழுப்பு நிறக் கூழ். அதைச் சல்லடையில் நீர்விட்டு அலசுவார்கள். கூழ் போனதும் மிச்சம் நிற்பவை பேசத் தொடங்கும். கிளிமூக்கு போன்ற கறுத்த கொம்பு அலகு இரண்டு கிடந்தால் கணவாய். அலகின் வடிவமே இனத்தைச் சொல்லும், அதன் நீளத்திலிருந்து கணவாயின் எடையைக் கணக்கிடலாம். அரிசி உடைசல் போல வெள்ளையாக ஒரு கல் கிடந்தால் அது இரை மீனின் காதுக்கல். அதை வைத்து எந்த மீன், எவ்வளவு நீளம், என்ன வயது என்பது வரை சொல்லிவிடுவார்கள். ஒரே சிக்கல்: அலகு செரிக்காமல் நாள்கணக்கில் தங்கும், இறாலின் மெல்லிய ஓடு சீக்கிரம் கரையும். அதனால் கணவாயின் பங்கு கூடுதலாகவும் இறாலின் பங்கு குறைவாகவும் தெரிய வாய்ப்புண்டு.

காலி இரைப்பையிலிருந்தும் விவரம் எடுக்க இரண்டு வழிகள் வந்துவிட்டன. இரண்டும் கடைசி வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மாதக்கணக்கான சாப்பாட்டைத் தசையிலிருந்து படிக்கின்றன.

1. நைட்ரஜன் ஐசோடோப்பு. நைட்ரஜனில் எடை கூடிய வகை ஒன்று இருக்கிறது. தின்பவரின் உடம்பில் அது தின்னப்படுபவரைவிடச் சற்று அதிகமாகச் சேரும். உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படிக்கும் ஆயிரத்தில் ஏறக்குறைய 3.4 பங்கு கூடும். பாசியை முதல் படியாக வைத்து எண்ணினால் ஹாலிபட் நான்காம் படியையும் தாண்டி நிற்கிறது. கடல் மீன்களில் இது உயர்ந்த இடம்.

2. கொழுப்பு அமிலம். காலனஸ் தன் உடம்பில் சில நீண்ட சங்கிலிக் கொழுப்புகளைத் தானே உண்டாக்குகிறது. மீன்கள் அவற்றைப் பெரும்பாலும் மாற்றாமல் அப்படியே சேமிக்கின்றன. காலனஸைக் கேப்லின் தின்று, கேப்லினை ஹாலிபட் தின்றால், அந்த முத்திரை ஹாலிபட்டின் எண்ணெயில் இருக்கும். டோக்கியோவில் எங்காவாவை மெல்லுகிறவர் ஆர்க்டிக் கோபிபாட்டின் எண்ணெயைத்தான் மூன்றாம் கையாகச் சாப்பிடுகிறார்.

ஹாலிபட்டைத் தின்பவை

வேகமாகச் சொல்லிவிடலாம். கிரீன்லாந்து சுறா, முகமூடிச் சீல், விந்துத் திமிங்கிலம், மனிதர். எல்லாரையும்விட முக்கியமானது நார்வால், ஒற்றைக் கொம்பு நீண்ட திமிங்கிலம். கோடையில் அது அதிகம் தின்பதில்லை. குளிர்காலத்தில், டேவிஸ் நீரிணைக்கு வடக்கே உள்ள பாஃபின் விரிகுடாவின் பனி இடுக்குகளில் மூச்சு வாங்கிக்கொண்டு, ஆயிரம் மீட்டருக்கும் கீழே திரும்பத் திரும்ப மூழ்கி ஹாலிபட்டைத் தின்கிறது. வாய்க்குள் மெல்லும் பற்கள் இல்லாததால் முழுதாக உறிஞ்சி விழுங்கும். ஆண்டின் பெரும்பகுதிச் சக்தியை அது இந்தக் குளிர்காலச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்கிறது. பாஃபின் விரிகுடாவில் ஹாலிபட் எவ்வளவு பிடிக்கலாம் என்ற பேச்சில் நார்வால் பெயர் வருவது இதனால்தான்.

இதனால் என்னென்ன விளைவுகள்?

இப்போது முதலில் பார்த்த அந்த இடறலான வரிகளுக்கு வரலாம்.

1. கணக்கெடுப்பு. ஆழ்கடல் மீனை எண்ணுவதற்கு அடிமடியைத் தரையோடு இழுத்து, இவ்வளவு பரப்பில் இவ்வளவு மீன் என்று கணக்கிடுகிறார்கள். மடியின் வாய் தரையிலிருந்து சில மீட்டர் உயரம்தான். கேப்லினைத் துரத்தி மேலே போன ஹாலிபட் அந்த வாய்க்குள் வராது. எந்த அளவு மீன், எந்தப் பருவத்தில், எவ்வளவு மேலே போகும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், இந்த எண்ணை மொத்த எண்ணிக்கை என்று கொள்ள முடியாது. ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும் குறியீடு அது. 'எண்ணிக்கை பாதியானது' என்று ஒரே ஓர் ஆண்டின் கணக்கை வைத்துத் தலைப்புப் போடுவது அவசரம்; இரை இருக்கும் உயரம் மாறினாலே எண் ஆடும்.

2. இறால் பிடிப்பு. இரண்டு விதமாக உரசல். ஹாலிபட் இறாலைத் தின்கிறது, இறால் மடி ஹாலிபட் குஞ்சைப் பிடிக்கிறது. குஞ்சுகள் இறால் இருக்கும் இடத்திலேயே வளர்கின்றன என்று பார்த்தோம். இறால் மடிகளில் நார்ட்மோரே கம்பித் தட்டி என்று ஒன்றை வைக்கிறார்கள். சாய்வாகப் பொருத்திய கம்பிகளின் இடுக்கு வழியாக இறால் உள்ளே போகும், பெரிய மீன் மேலே தள்ளப்பட்டு வெளியேறும். பெரிய மீன்கள் இதனால் தப்பிக்கின்றன. ஆனால் ஒரு வயது ஹாலிபட் தட்டையானது, சின்னது. இரண்டு சென்டிமீட்டர் இடுக்கில் அது வழுக்கிக்கொண்டு இறாலோடு உள்ளே போய்விடும். தட்டையான உடம்பே அங்கே அதற்கு வினை.

3. கேப்லின். இந்த மீனின் கூட்டம் திடீரென்று பெருகும், திடீரென்று சரியும். பேரன்ட்ஸ் கடலில் 1980களின் நடுவிலும், நியூஃபவுண்ட்லாந்தில் 1990களின் தொடக்கத்திலும் அது சரிந்தது. காட் மீன் அதனால் மெலிந்தது. ஹாலிபட் கணவாய், துருவக் காட், இறால், கப்பல் கழிவு என்று பல வாசல் வைத்திருக்கிற மீன். ஒரே இரையை நம்பியவற்றைவிட அது தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் கொழுத்த கேப்லினுக்குப் பதில் இறாலைத் தின்று அதே எடை வைக்க முடியாது. பிழைத்திருப்பது வேறு, வளர்வது வேறு. மெதுவாக வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே முட்டையிடும் மீனுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

4. மூச்சும் செரிமானமும். செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் ஆழ்கால்வாய்களில் நீர் சூடேறி வருகிறது, ஆக்சிஜன் குறைந்து வருகிறது. கழிமுகத்தை ஒட்டிய சில இடங்களில் நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. தின்றதைச் செரிக்க மீனுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். கனடாவில் இளம் ஹாலிபட்களை ஆக்சிஜன் குறைந்த நீரில் வைத்துச் சோதித்தபோது, அதே உணவைச் செரிக்க அவை எடுத்துக்கொண்ட நேரம் நீண்டது. செரிக்க நேரம் கூடினால் அடுத்த வேளை தள்ளிப்போகும், ஆண்டுக்குத் தின்னும் அளவு குறையும். இரை ஏராளமாக இருக்கும் இடத்திலேயே மீன் மெதுவாக வளரக்கூடும். வளர்ந்த மீன்களைவிடக் குட்டிகளுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம்.

5. தட்டுக்கு வரும்போது. உணவுப் படியில் உயரத்தில் இருப்பது, நீண்ட நாள் வாழ்வது, கொழுப்பு நிறைந்திருப்பது இந்த மூன்றும் சேர்ந்தால் டயாக்சின், பாதரசம் போன்ற நச்சுப் பொருள்கள் உடம்பில் தங்கும். கொழுப்பில் கரைபவை எண்ணெயிலும் பாதரசம் தசைப்புரதத்திலும் சேரும். நார்வே தன் கடலில் டயாக்சின் அளவு வரம்பைத் தாண்டிய பகுதிகளில் இந்த மீனைப் பிடிக்கச் சிலகாலம் தடையே விதித்தது. எந்தக் கடலில் பிடித்தது, எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து அளவு நிறைய மாறும். எல்லா ஹாலிபட்டும் ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். பெரிய, வயதான மீன்களில்தான் கவனம் தேவை.

மேற்குக் கிரீன்லாந்தின் இலுலிசாட், உம்மன்னாக், உபெர்னவிக் பக்கத்து மீனவர்கள் இந்த மீன் எந்த ஆழத்தில் இரை தேடும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள். குளிர்காலத்தில் நாய்வண்டியில் போய், உறைந்த ஃபியார்டின் (மலைகளுக்கு இடையே நுழையும் குறுகிய கடல் பிளவின்) மேல் ஒரு துளை வெட்டி, ஆயிரங்கால் தூண்டிலை உள்ளே இறக்குவார்கள். நேராகக் கீழே விட்டால் கொக்கிகள் ஒரே இடத்தில் குவியும். அதனால் கயிற்றின் முனையில் ஒரு தகரத் தட்டைக் கட்டிவிடுகிறார்கள். காற்றாடி காற்றில் சாய்ந்து போவது போல அந்தத் தகடு நீரில் சாய்வாகச் சறுக்கி இறங்கி, கயிற்றைப் பனிக்கு அடியில் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகும். சில மணி நேரம் கழித்து இழுத்தால், கொக்கியில் கறுத்த ஹாலிபட்கள் வரும். அவ்வப்போது தலை மட்டும் வரும். மிச்சம், கீழே காத்திருந்த சுறாவின் வயிற்றில்.